பழைய ஸ்விஃப்ட் டீசலை நம்பி வாங்கலாமா?

வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 2013 மாடல் ஸ்விஃப்ட் வி.டி.ஐ. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மீட்டரில் 1,30,000 கி.மீ. காட்டுகிறது. இவ்வளவு ஓடிய டீசல் வண்டியை எடுக்கலாமா? (நாமக்கல் வாசகர்)

பதில்: மீட்டரை அப்புறம் பாருங்கள். முதலில் ஆயில் மாற்றிய பில்களைக் கேளுங்கள். இது ஃபியட் வடிவமைத்த 1,248 சி.சி. மல்டிஜெட் இன்ஜின். டாடா, ஃபியட் கார்களிலும் இதே குடும்பத்து இன்ஜின் ஓடியது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோதுதான் மாருதி இதைக் கைவிட்டது. அதனால் பாகங்களுக்கும் கை தேர்ந்த மெக்கானிக்குகளுக்கும் இன்றும் பஞ்சமில்லை. வேளாவேளைக்கு ஆயில் மாற்றிய டாக்ஸிகள் 2 லட்சம் கி.மீ. தாண்டியும் இன்ஜினைப் பிரிக்காமல் ஓடியிருக்கின்றன.

வால்வுகளை பிஸ்டனோடு ஒத்து இயக்க இதில் டைமிங் பெல்ட் இல்லை, செயின். ‘செயினுக்கு ஆயுசு முழுக்கச் செலவே வராது’ என்று விற்பவர் சொல்வார். அது பாதிதான் உண்மை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயிலைக் கெட்டியாகக் கறுக்கும்வரை விட்டால் டென்ஷனர் தளர்ந்து செயின் தொய்யும். செயின் ஸ்ப்ராக்கெட் என்ற பல்சக்கரத்தில் பல் தாவினால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்காமல் தீராது. ஏறக்குறைய 3 லிட்டர் ஆயிலும் ஒரு ஃபில்டரும்தான் செலவு. அதை மிச்சம் பிடித்த வண்டி 60,000 கி.மீ.தான் ஓடியிருந்தாலும் வேண்டாம்.

காலையில் போங்கள். வண்டியை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்யக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். பானெட் ஜில்லென்று இருக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஃபேன் பெல்ட் ஓடும் பக்கம் காது கொடுங்கள். கரகரவென்று ஓரிரு நொடி கேட்டு அடங்கினால் டென்ஷனர் சோர்ந்து வருகிறது. இன்ஜின் சூடான பிறகும் கேட்டால் செயின், டென்ஷனர், கைடுகள், ஸ்ப்ராக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். அந்தச் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அப்படியே ஐட்லிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசான ஆவி பரவாயில்லை. குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. டர்போ ஹோஸில் எண்ணெய்ப் பிசுக்கு இருப்பது சகஜம். உள்ளே ஆயில் தேங்கி நின்றால் டர்போ சீல் போயிருக்கலாம். 2,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே பிக்கப் மந்தமாக இருப்பது இந்த இன்ஜினின் சுபாவம், அதைக் கோளாறென்று எண்ண வேண்டாம். ஆனால் நாலாவது கியரில் 40-ல் போகும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் தேய்ந்துவிட்டது.

ஆர்.சி.யையும் பாருங்கள். 15 வருடப் பதிவு 2028-ல் முடியும், பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-ம் வங்கியின் தடையின்மைச் சான்றும் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: என் 2011 டிசையர் டீசல் காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார்கள். (திண்டுக்கல் வாசகி)

பதில்: சோதிக்காமல் நான்கையும் மாற்றாதீர்கள் அம்மா. செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் முதல் சந்தேகம் பேட்டரிமேல்தான். அது சரியாக இருந்தால் டீசல் ஃபில்டரின் ஹோஸ் இணைப்புகளைப் பாருங்கள். இரவில் அங்கே காற்றுப் புகுந்தாலும் இதே தொல்லைதான். ஹீட்டர் பிளக் ஊட்டி, கொடைக்கானல் குளிரில் முக்கியம், திண்டுக்கல்லில் அவ்வளவு இல்லை.

அடுத்துதான் இன்ஜெக்டர். நான்கின் ரிட்டர்ன் குழாய்களையும் தனித்தனியே ஒரே அளவுள்ள பாட்டில்களில் விட்டு, சில நிமிடம் ஐட்லிங்கில் ஓட்டச் சொல்லுங்கள். எந்தப் பாட்டில் மற்றவற்றைவிட வெகுவாக நிறைகிறதோ அந்த இன்ஜெக்டர்தான் டீசலைத் திருப்பி விடுகிறது. அதனால் இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் பொதுக் குழாயான ரெயிலில் ஸ்டார்ட் ஆகும் அளவுக்கு பிரஷர் ஏறுவதில்லை. பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் மாட்டும். திரும்பப் பொருத்தும்போது காப்பர் வாஷர் புதிதாகவே இருக்கட்டும். பழசைப் போட்டால் கம்ப்ரஷன் கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றித் தார்போல் கரி கட்டும். இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்த பைப்பை யாரும் தளர்த்தக் கூடாது. அந்த பிரஷரில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி: ஓடும்போது ஏ.சி. குளிர்கிறது, சிக்னலில் நின்றால் அனல். கேஸ் குறைவா? (மதுரை வாசகர்)

பதில்: கேஸை விட ஃபேன்மேல்தான் சந்தேகம். நின்ற வண்டியில் ஏ.சி.யைப் போட்டு முன்னால் ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ரிலே, ஃப்யூஸ், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். சுழன்றால் முன்பக்கம் ஏ.சி. கேஸைக் குளிர்விக்கும் கண்டென்சரில் அடைந்த தூசியை மெதுவான தண்ணீரில் கழுவுங்கள். வருடாவருடம் கேஸ் நிரப்புகிறீர்கள் என்றால் எங்கோ கசிகிறது. பெரும்பாலும் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்.

கேள்வி: சென்னை வண்டி, விலை சல்லிசு. வெள்ளத்தில் நின்றதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வேலூர் வாசகர்)

பதில்: 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். உள் சுருளில் சேற்றுக்கோடு தெரியும். ஸ்டெப்னி குழி, சீட் அடி போல்ட்டுகளில் துரு இருக்கிறதா பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி ஒயர் கனெக்டர்களைக் கழற்றச் சொல்லுங்கள். பின்களில் பச்சை பூத்திருந்தால் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். அந்த ஒயரிங் கோளாறு இடம் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும்.