மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில் லாக் ஃபைல் சைஸை மாற்றியதிலிருந்து இன்னோடிபி (டேட்டாவைச் சேமிக்கும் எஞ்சின்) டேபிள்கள் திறக்கவில்லை. பழைய ஐபி_லாக்ஃபைல்களை (இன்னோடிபி மாற்றங்களை முதலில் எழுதிவைக்கும் லாக் ஃபைல்கள்) அழித்துவிடலாமா?

அழிக்காதீர்கள். ஃபைலை அழிக்கும் ஆர்எம் கமாண்டை டைப் செய்து என்டர் மேல் விரலை வைத்திருந்தால் முதலில் விரலை எடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம்.

நீங்கள் செய்தது அநேகமாக நான் செய்ததேதான். மை.சிஎன்எஃப் என்ற கான்ஃபிக் ஃபைலில் லாக் ஃபைல் சைஸை 5 எம்பியிலிருந்து 64 எம்பி ஆக்கிவிட்டு ரீஸ்டார்ட் கொடுத்தேன். வெர்ஷன் 5.1. சர்வர் நிற்கவே மாட்டேன் என்றது. பொறுமை போய் கில் மைனஸ் 9 அடித்து வலுக்கட்டாயமாக நிறுத்தினேன். திரும்பக் கிளப்பியதும் ஒழுங்காக எழுந்தது. மானிட்டரிங் திரையெல்லாம் பச்சை. ஷோ டேபிள்ஸ் போட்டால் எல்லாப் பெயரும் வருகிறது. ஆர்டர் டேபிளில் செலக்ட் போட்டால் மட்டும் இன்னோடிபி என்றொரு எஞ்சினையே தெரியாது என்கிறது. அந்தப் பழைய வெர்ஷனில் இன்னோடிபி படுத்துவிட்டாலும் சர்வர் மைஐசாம் என்ற இன்னொரு எஞ்சினை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கும்.

எரர் லாகில் காரணம் தெளிவாகவே இருந்தது. ஃபைலின் சைஸ் '0 5242880' பைட், கான்ஃபிகில் இருப்பது '0 67108864'. முன்னால் நின்ற அந்த 0-ஐப் பார்த்து ஃபைல் காலி என்று நினைத்துவிட்டேன். சிரிக்காதீர்கள், இரவு இரண்டு மணிக்கு அப்படித்தான் தெரியும். உண்மையில் பெரிய எண்ணை இரண்டு துண்டாக அச்சிடுகிறார்கள், முதல் துண்டு 0. காலி ஃபைல்தானே என்று இரண்டையும் அழித்தேன்.

சர்வர் எழுந்தது, 64 எம்பியில் புது ஃபைல்களும் வந்தன. ஐந்து நிமிடம் நான்தான் ராஜா. பிறகு எரர் லாகில், டேட்டா பேஜ்களின் லாக் சீக்வென்ஸ் நம்பர் 'எதிர்காலத்தில்' இருக்கிறது, அதாவது புது லாகில் இருக்கும் எண்ணைவிடப் பெரியது என்று வரிவரியாகக் கொட்ட ஆரம்பித்தது. கமிட் ஆகியும் டேட்டா ஃபைலுக்குப் போய்ச் சேராத மாற்றங்கள் நான் அழித்த அந்த லாக் ஃபைல்களில்தான் இருந்தன. கில் அடித்தவனுக்கு அது கட்டாயம் தேவை. கடைசியில் பழுதான பேஜ்கள் இருந்தாலும் சர்வரை ஓடவிடும் ஃபோர்ஸ் ரெக்கவரி செட்டிங்கை 1 வைத்து, டேட்டாவை டம்ப்பாக வெளியே எடுத்து, வேறு இடத்தில் ஏற்றினேன். கடைசி நேர ஆர்டர்கள் சில போனது போனதுதான்.

அதனால் நீங்கள் முதலில் கான்ஃபிகில் பழைய சைஸையே திரும்பப் போடுங்கள். சர்வரைக் கிளப்பினால் ரெக்கவரி தானாக ஓடி முடியும். பிறகு ஃபாஸ்ட் ஷட்டவுன் செட்டிங் 2 என்று (மாற்றங்களை டேட்டா ஃபைலில் எழுதி முடிக்காமலே நிற்கும்) இருந்தால் 1 ஆக்கிவிட்டு முறையாக நிறுத்துங்கள். ஷட்டவுன் முடிந்ததாக எரர் லாகில் வரி வரும்வரை எதையும் தொடாதீர்கள். வந்ததும் இரண்டு லாக் ஃபைலையும் வேறு டைரக்டரிக்கு நகர்த்திவிட்டுப் புது சைஸைப் போடுங்கள். ஒன்றை மட்டும் நகர்த்தினால் ஏறாது.

'5.6.8-க்குப் பிறகு அதுவே மாற்றிக்கொள்ளுமே, 8.0.30-இல் இதற்கென ரீடூ லாக் கெப்பாசிட்டி என்ற செட்டிங்கே வந்துவிட்டதே' என்று யாராவது கமென்டில் வருவீர்கள். தெரியும் ஐயா. கேட்டவரிடம் இருப்பது பழைய சர்வர். அதை மாற்றும் அதிகாரம் அவரிடம் இருந்தால் இங்கே ஏன் வருகிறார்?

என்னிடமும் இல்லை. அப்கிரேடுக்கு மூன்று முறை மெயில் போட்டவன் நான். பதில் ஒன்றுக்கும் இல்லை. ஆனால் அன்று விடியற்காலை நான்கு மணிக்கு ஆர்சிஏ ரிப்போர்ட் (ஏன் நடந்தது என்ற காரண அறிக்கை) கேட்டார்கள். அனுப்பினால், ரிப்போர்ட்டில் இருந்த டேபிளின் பார்டர் சரியில்லை என்று திரும்பி வந்தது.

சரி, அதை விடுங்கள். உங்கள் எரர் லாகின் கடைசி 20 வரியைப் போடுங்கள், பார்க்கிறேன்.