ரொனால்டோவைத் தவிர போர்ச்சுகல் டீம்ல உங்களுக்குப் பிடிச்ச பிளேயர் யார், ஏன்?

ஜோவாவ் மோட்டின்யோ. கோச் மொரின்யோ இல்லீங்க, இவர் வேற ஆளு, மிட்ஃபீல்டர்.

இந்தக் கேள்விக்கு என் வயசு ஆளுங்க ஃபிகோ, ரூயி கோஸ்டா, டெக்கோன்னு போவாங்க, இப்ப உள்ள பசங்க புரூனோ, விட்டின்யான்னு சொல்வாங்க, எல்லாம் சரிதான். ஆனா நாட்டுக்காக 146 மேட்ச் ஆடின ஒருத்தரப் பத்தி ஒரு வரி கூட யாரும் எழுத மாட்டேங்குறாங்களேன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு கடுப்பு. காரணம் புரியுது, 146 மேட்ச்ல கோல் வெறும் 7. கல்யாண வீட்டுல பந்தி, பாத்திரம், வண்டின்னு ஓடிட்டே இருந்து ஒரு போட்டோல கூட சிக்காத சித்தப்பா மாதிரி.

ஒரு சாம்பிள் சொல்றேன். 2013 நவம்பர், ஸ்வீடன்ல சோல்னா கிரவுண்டு, வேர்ல்ட் கப்புக்கு யார் போறதுன்னு முடிவு பண்ற பிளே-ஆஃப், ரெண்டு மேட்ச்ல ரெண்டாவது லெக். லிஸ்பன்ல நடந்த முதல் லெக் 1-0 போர்ச்சுகலுக்கு. இந்த மேட்ச்ச எல்லாரும் ரொனால்டோவா, ஸ்வீடன் ஸ்டார் இப்ராஹிமோவிச்சான்னுதான் ஞாபகம் வெச்சிருக்காங்க, அவர் மூணு இவர் ரெண்டு, 3-2. ரொனால்டோ போட்ட முதல் கோலையும் மூணாவது கோலையும் திரும்பப் போட்டு, கோலுக்கு நாலு செகண்ட் முன்னாடி நிறுத்திப் பாருங்க. ரெண்டுலயும் பந்து மோட்டின்யோ கால்ல இருக்கும். டிஃபெண்டர்ஸுக்குப் பின்னாடி பெருசா இடம் காலியா கெடக்கும், ரொனால்டோ ஓட ஆரம்பிச்ச உடனே பந்து அவருக்கு முன்னாடி போய் விழும், அவர் வேகத்தக் குறைக்கவே வேண்டியதில்ல, அப்படி ஒரு அளவு. கொஞ்சம் அழுத்தி விட்டிருந்தா கோல்கீப்பர் எடுத்திருப்பாரு, கொஞ்சம் கம்மியா விட்டிருந்தா டிஃபெண்டர் வெட்டியிருப்பாரு. மறுநாள் பேப்பர் பூரா ரொனால்டோ படம்.

ஆளு பிறந்தது தெக்குக் கோடில போர்டிமாவ்ங்கிற ஊர்ல, 1986. சின்ன வயசுலயே லிஸ்பன் கிளப்பான ஸ்போர்ட்டிங்கோட அகாடமிக்கு வந்துட்டாரு, 2005 ஜனவரில 18 வயசுல சீனியர் டீம்ல இறக்கினாங்க, அதே சீசன்ல ஸ்போர்ட்டிங் யூஇஎஃப்ஏ கப் (இப்ப யூரோப்பா லீக்னு சொல்ற ஐரோப்பிய கிளப் போட்டி) ஃபைனல் வரைக்கும் போச்சு, அதுவும் சொந்த கிரவுண்டுல. சிஎஸ்கேஏ மாஸ்கோகிட்ட 3-1ன்னு தோத்தாங்க, அந்த ஃபைனல்ல இந்தப் பையன் முதல் பதினொண்ணுல இருந்தான். உயரம் அஞ்சே முக்கால் அடி கூட இல்ல, வேகமும் சுமார்தான், ஆனா பந்து வர்றதுக்கு முன்னாடியே அடுத்தது யாருக்குன்னு முடிவு பண்ணி வெச்சிருப்பாரு. இருபதுகளோட ஆரம்பத்துலயே அந்த கிளப்புக்கு கேப்டன் ஆயிட்டாரு, 2007லயும் 2008லயும் போர்ச்சுகல் கப் ஜெயிச்சாங்க.

அப்புறம் 2010. அந்த வருஷம் அவருக்கு எல்லாமே ஒண்ணா வந்துச்சு. வேர்ல்ட் கப் டீம்ல கோச் கெய்ரோஸ் எடுக்கல. சரி கிளப்ப மாத்திக்கலாம்னு பாத்தா, போன இடம் போர்ட்டோ, பரம எதிரி கிளப். ஸ்போர்ட்டிங் வளத்து கேப்டன் ஆக்கின பையன் 11 மில்லியன் யூரோவுக்கு போர்ட்டோ போறான்னா ரசிகர்கள் சும்மா விடுவாங்களா? இதுல ஸ்போர்ட்டிங் பிரசிடென்ட்டே வெளிப்படையா இவர ஒரு 'அழுகின ஆப்பிள்'னு சொன்னாரு, கூடையில இருக்குற மத்ததையும் கெடுத்துடும்ங்கிற அர்த்தத்துல. என்னைக் கேட்டா அது அநியாயம், ஏன்னா அந்த 'அழுகின ஆப்பிள்' போன முதல் சீசன்லயே போர்ட்டோ லீக்ல ஒரு மேட்ச் கூட தோக்காம சாம்பியன், டப்ளின்ல இன்னொரு போர்ச்சுகல் கிளப்பான பிராகாவ 1-0ன்னு ஜெயிச்சு யூரோப்பா லீகும் எடுத்தாங்க. மூணு சீசன் அங்க இருந்தாரு, மூணு தடவையும் லீக் சாம்பியன்.

நடுவுல 2012 ஆகஸ்ட் கடைசி நாள், பிளேயர் வாங்குற கெடு முடியுற அன்னிக்கு, இங்கிலாந்து கிளப் டாட்டன்ஹாம் போக வேண்டியது, பழைய போர்ட்டோ கோச் வில்லாஸ்-போவாஸ்தான் அங்க மேனேஜர், பேப்பர் வேலை நேரத்துக்குள்ள முடியாம கைவிட்டுப் போச்சு. அடுத்த வருஷம் மொனாக்கோ வந்து இவரையும் ஹாமேஸ் ரோட்ரிகஸையும் சேத்து 70 மில்லியனுக்கு வாங்குனாங்க. அதுல ஹாமேஸுக்கு 45, இவருக்கு 25ன்னு பிரிச்சு எழுதினாங்க. இவர வித்தா வர்ற லாபத்துல ஸ்போர்ட்டிங்குக்கு ஒரு பங்கு உண்டுன்னு பழைய ஒப்பந்தம் வேற இருந்துச்சு, அதனால இவர் விலைய வேணும்னே கம்மியா போட்டுட்டாங்கன்னு அந்தப் பக்கம் பொகைஞ்சுது. மொனாக்கோல அஞ்சு வருஷம், 2017ல பிரெஞ்சு லீக் ஜெயிச்சாங்க, ஆனா அது எம்பாப்பே, பெர்னார்டோ சில்வா டீம், நடுவுல ஃபாபின்யோவும் பகயோகோவும்தான் ரெகுலர், இவர் மாத்தி மாத்தி வந்து போனாரு.

சரி, எனக்கு இவர ரொம்பப் பிடிக்க வெச்ச கதைக்கு வர்றேன். 2012 யூரோ (ஐரோப்பிய நாடுகளோட கப்) செமி ஃபைனல், டொனெட்ஸ்க், எதிர்ல ஸ்பெயின். 0-0, பெனால்டி ஷூட்-அவுட். ஸ்பெயினோட முதல் ஷாட்ட நம்ம கோல்கீப்பர் பட்ரீசியோ தடுத்துட்டாரு, அப்ப போர்ச்சுகலுக்கு முதல் ஆளா போனது மோட்டின்யோ. போட்டிருந்தா மேட்ச் இவங்க பக்கம் சாஞ்சிருக்கும். ஸ்பெயின் கோல்கீப்பர் காசியாஸ் தடுத்துட்டாரு. அப்புறம் புரூனோ ஆல்வெஸ் பார்ல அடிச்சாரு, அஞ்சாவதா அடிக்க நின்னுட்டிருந்த ரொனால்டோவுக்கு சான்ஸே வரல, முடிஞ்சுது.

நாலு வருஷம் கழிச்சு 2016 யூரோ. குரூப்ல மூணு மேட்ச்சும் டிரா, மூணாவது மேட்ச்ல ஹாஃப் டைம்ல இவர வெளிய எடுத்துட்டு ரெனாட்டோ சான்சஸ்ங்கிற 18 வயசுப் பையன இறக்கினாங்க, அதோட பெஞ்ச். குவார்ட்டர் ஃபைனல்ல போலந்தோட சப்பா வந்தாரு, மறுபடியும் பெனால்டி. இவர் ஒதுங்கி நிக்குறாரு. ரொனால்டோ நேரா இவர்கிட்ட வந்து வா வா, அடி, நீ நல்லா அடிப்ப, தைரியமா இரு, தோத்தா தோத்துட்டுப் போறோம், மீதி கடவுள் கையிலங்கிற மாதிரி பேசி இழுத்துட்டு வர்றாரு, டிவி கேமரால அப்படியே பதிவாகியிருக்கு. இந்த தடவை ரொனால்டோ முதல் ஆளா அடிச்சாரு, மோட்டின்யோ மூணாவது. போட்டாரு. போர்ச்சுகல் அஞ்சும் போட்டு ஜெயிச்சுது. அந்த கிளிப்ப ரொனால்டோவோட லீடர்ஷிப்னு சொல்லித்தான் இன்னிக்கும் ஷேர் பண்றாங்க, சரிதான், ஆனா நடந்து போய் அடிச்சது யாரு?

ஃபைனல்ல பிரான்ஸ். ரொனால்டோ 25வது நிமிஷமே அடிபட்டு ஸ்ட்ரெச்சர்ல போயிட்டாரு. 66வது நிமிஷம் மோட்டின்யோ உள்ள வந்தாரு. எக்ஸ்ட்ரா டைம்ல போர்ச்சுகலோட கெரெய்ரோ ஃப்ரீ கிக் ஒண்ணு பார்ல அடிச்சுது (அந்த ஃப்ரீ கிக்கே ரெஃபரி தப்பா குடுத்தது, பந்து பட்டது பிரான்ஸ் ஆளு கையில இல்ல, போர்ச்சுகல் ஸ்ட்ரைக்கர் எடேர் கையில). அடுத்த நிமிஷம், 109. மோட்டின்யோ பந்த எடேர்கிட்ட தள்ளுறாரு, எடேர் பிரான்ஸ் டிஃபெண்டர் கோசியெல்னிய முதுகுல தாங்கிட்டு உள்பக்கமா திரும்பி தூரத்துலருந்தே அடிச்சாரு, கோல். பாஸ் சாதாரண பாஸ்தான், சோல்னா மாதிரி மேஜிக் எல்லாம் இல்ல. ஆனா ஸ்கோர்கார்டுல போர்ச்சுகல் வரலாற்றோட முதல் பெரிய கப்புக்கான அசிஸ்ட் இவர் பேர்லதான் இருக்கு.

இத்தோட முடிஞ்சிருப்பாருன்னு பாத்தா 2018ல, 31 வயசுல, இங்கிலாந்துல பிரீமியர் லீகுக்குப் புதுசா மேல வந்த வுல்வ்ஸ் கிளப்புக்கு 5 மில்லியன் பவுண்டுக்குப் போனாரு. அந்தக் காசுக்கு அந்த லீக்ல ஒரு ரிசர்வ் பிளேயர் கூட வர மாட்டாரு. ரூபன் நெவெஸ் பக்கத்துல நின்னு முதல் சீசன்லயே ஏழாவது இடம். கோலே போடாத மனுஷன்னு சொன்னேனே, மான்செஸ்டர் யுனைடெட்டோட கிரவுண்டு ஓல்ட் டிராஃபோர்டுல மட்டும் ரெண்டு போட்டாரு: 2018ல ஒண்ணு வளைச்சு விட்டாரு, 2022 ஜனவரில 82வது நிமிஷம் இன்னொண்ணு, 1-0. 1980க்கு அப்புறம் அந்த கிரவுண்டுல வுல்வ்ஸ் ஜெயிச்சது அப்பதான், அன்னிக்கு எதிர் டீம்ல ரொனால்டோவும் இருந்தாரு. 2023ல நாடு திரும்பி பிராகாவுல சேந்தாரு, 37 வயசுல அவங்களோட லீக் கப்பும் ஜெயிச்சாரு.

குறைன்னு பாத்தா, பெரிய மேட்ச்ச தனியா தூக்கி நிறுத்துற ஆளு கிடையாது, டெக்கோகிட்ட இருந்த அந்த ஆட்டத்த மாத்துற தைரியம் இவர்கிட்ட பாதிதான். அதனால டெக்கோ ஆளுங்க கமென்ட்ல சண்டைக்கு வராதீங்க, டெக்கோ பெட்டர்னு நானே ஒத்துக்குறேன். கேள்வி யார் பெஸ்ட்னு இல்லையே, யாரப் பிடிக்கும்னுதான. பாக்கணும்னு தோணுச்சுன்னா ஹைலைட்ஸ் வேணாம், அதுல ஆளே தெரிய மாட்டாரு, அந்த ஸ்வீடன் மேட்ச்சோட செகண்ட் ஹாஃப முழுசா போட்டுட்டு 8ஆம் நம்பர மட்டும் பாருங்க.