கதவைச் சாத்திக்கொண்டு பேசட்டுமே

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு, திங்கட்கிழமை காலை ஆனால் வயிற்றுவலி என்கிறாள். யூனிஃபார்ம் போட்டதும் வாந்தி, கைநடுக்கம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தைராய்டு எல்லாம் நார்மல். "மனப்பதற்றம்தான், கவுன்சலிங் கொடுங்கள்" என்றார் டாக்டர். நாங்கள் இருப்பது கம்பத்தில். வாராவாரம் மதுரைக்குக் கூட்டிப்போக முடியாது. ஆன்லைனில் விசாரித்தோம், 12 முறை பேச 18,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார்கள். கணவரோ, "ஃபோனைப் புடுங்கினாலே பாதி சரியாயிரும், இதுல ஃபோன்லயே வைத்தியமா?" என்கிறார். வீடு சின்னது, மாமியாரும் கூட இருக்கிறார். அவள் தனியாக என்ன பேசுவாளோ என்று எனக்கும் உள்ளூரப் பயம். சேர்க்கலாமா?
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்:

அன்புச் சகோதரி,

சேர்க்கலாம். ஆனால் அந்த 18,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணவர் சொன்னது. ராத்திரி ஒரு மணி வரை ரீல்ஸ் பார்த்தால் பதற்றம் கூடும்தான், அந்த அளவில் அவர் சொல்வது சரி. ஆனால் இங்கே ஃபோன் வெறும் ஜன்னல், அந்தப் பக்கம் இருப்பது ஒரு மனுஷி. பதற்றத்துக்குத் தரும் சிகிச்சையில் பெரும்பகுதி பேச்சும் பயிற்சியும்தான், அதனால் வீடியோ காலில் நடத்த அது நன்றாகவே ஒத்துவருகிறது. ஆஸ்திரேலியாவில் 'பிரேவ்' என்று ஒரு திட்டம், பதற்றம் உள்ள பிள்ளைகளுக்காகவே இணையவழியில் உருவாக்கிப் பல வருடம் சோதித்துப் பார்த்தது. இந்த மாதிரி முயற்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒரு விஷயம்: செயலியை மட்டும் கையில் கொடுத்து விடுவதைவிட, வழிநடத்த ஒரு ஆள் இருந்தால் பலன் கூடுதல்.

இனி உங்கள் மகள். திங்கட்கிழமை அவளை வீட்டில் விட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். பத்து மணிக்கு மேல் அந்த வலி எங்கே போகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அதைப் பார்த்து "நடிக்கிறா" என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். வலி நிஜம். பள்ளிக்குப் போக வேண்டியதில்லை என்றதும் உடம்பு ஆசுவாசமாகிறது. 'போகாவிட்டால் நிம்மதி' என்று அது கற்றுக்கொள்கிறது. அடுத்த திங்கட்கிழமை வலி இன்னும் கொஞ்சம் சீக்கிரமே வந்துவிடும்.

ஆன்லைன் கவுன்சலிங்கில் எனக்குள்ள பெரிய தயக்கமும் இங்கேதான். வெளியே போகப் பயப்படும் பிள்ளைக்கு, வெளியே போகாமலேயே வைத்தியம் கிடைக்கிறது. வாரம் ஒரு மணி நேரம் இதமாகப் பேசி, அழுது, மனசு லேசாகி, மறுநாளும் வீட்டிலேயே இருந்துவிடலாம். அப்படி மூன்று மாதம் ஓடியதைப் பார்த்திருக்கிறேன். சிபிடி என்கிற, எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றப் பழக்கும் முறை தெரிந்தவர் அப்படி விடமாட்டார், வீட்டுப்பாடம் கொடுப்பார். முதல் நாள் யூனிஃபார்ம் போட்டுப் பள்ளி கேட் வரை போய்த் திரும்புவது. அது பழகியதும் காலை வழிபாடு முடியும்வரை நிற்பது. அப்புறம் இரண்டு பீரியட். ஒவ்வொரு படியிலும் பயம் ஏறும், நின்றுபார்த்தால் தானாக இறங்கும். அது இறங்குவதை அவளே பார்க்க வேண்டும், அதுதான் மருந்து. ஆன்லைனில் ஒரு வசதியும் உண்டு. பஸ் ஏறவே நடுங்கிய ஒரு பையனோடு, அவன் காதில் ஹெட்செட் வழியாக நானும் பஸ் ஸ்டாண்டு வரை நடந்திருக்கிறேன். என் அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தால் அது நடந்திருக்குமா?

ஆகவே ஆலோசகரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இவளைப் பள்ளிக்கு அனுப்ப என்ன செய்வீர்கள்?" தெளிவாகப் பதில் வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். அப்புறம் ஆலோசகரின் படிப்பு. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கும், கேட்டு வாங்கி அவர்கள் இணையதளத்தில் சரிபாருங்கள். 'கவுன்சலர்' என்ற பெயரில் நன்றாகப் படித்தவர்களும் இருக்கிறார்கள், நாலு நாள் வகுப்பு முடித்து சான்றிதழ் வாங்கியவர்களும் இருக்கிறார்கள். மாத்திரை தேவைப்பட்டால் அதை எழுத வேண்டியவர் மனநல டாக்டரான சைக்கியாட்ரிஸ்ட், கவுன்சலர் இல்லை. உங்கள் மகளைப் போன்ற மைனரை டாக்டர் வீடியோவில் பார்ப்பதென்றால் பெரியவர் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்பது 2020இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறி. தமிழில் பேசுவாரா என்றும் கேளுங்கள். இங்கிலீஷ் மீடியம் பிள்ளையாகவே இருந்தாலும் பயத்தை இங்கிலீஷில் சொல்லச் சொன்னால் பாதியை விழுங்கிவிடும்.

பணம்: முதலில் இரண்டு தடவைக்கு மட்டும் கட்டுங்கள். வாராவாரம் அதே ஆள்தான் வருவாரா என்பதையும் உறுதி செய்யுங்கள். மொத்தமாகக் கட்டினால்தான் ஆச்சு என்று நெருக்கினால் விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் பயம். கொரோனா காலத்தில்தான் நான் திரையில் பேசப் பழகினேன். அப்போது ஒரு பெண், 14 வயது. மூன்று வாரம் எதைக் கேட்டாலும் "ம்", "தெரியல மிஸ்". எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாலாவது வாரம்தான் பார்த்தேன்: அவளுக்குப் பின்னால் கதவு ஒரு விரற்கடை திறந்திருக்கிறது, இடுக்கில் புடவைத் தலைப்பு. "அம்மா நிக்கிறாங்களா?" என்று சாட்டில் தட்டினேன். "எப்பவும்" என்று ஒரே சொல் வந்தது. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க எழுத்தில்தான் பேசினோம். மூன்று வாரம் சொல்லாததையெல்லாம் அரை மணி நேரத்தில் எழுதினாள்.

அந்த அம்மா கெட்டவர் இல்லை, உங்களைப் போலத்தான். உங்களுக்குத் தெரிய வேண்டியவை உண்டு: அவள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ள நினைத்தாலோ, அவளை யாராவது துன்புறுத்தினாலோ, ஆலோசகர் அதை மறைத்து வைக்க மாட்டார். இதை ஆரம்பத்திலேயே மூவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளுங்கள். மற்றது அவளுடையது. பேசி முடித்து வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்ன?" என்று விசாரணை வேண்டாம். காபி போட்டுக் கொடுங்கள், போதும்.

"செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று சொன்னாலோ, கையில் கீறல் தெரிந்தாலோ ஆன்லைனுக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றே தேனி பக்கத்தில் உள்ள கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டுகிறது என்று அழுதால் 14416க்கு அடிக்கலாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் அது. காசு கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். வாராவாரம் ஒரே ஆளிடம் பேசுவதற்கு அது ஈடாகாது, ஆனால் அந்த ராத்திரிக்கு உதவும்.

வகுப்பாசிரியரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். காலாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஆரம்பித்தது என்கிறீர்கள். மார்க்கா, வகுப்பில் யாராவது கேலி செய்தார்களா, அங்கே கேட்டால் தெரியலாம்.

மைக் வைத்த ஹெட்செட் ஒன்று வாங்கிவிடுங்கள். அறைக்குள் ஃபேன் சத்தமாக ஓடட்டும். மாமியாருக்கு சாயங்காலம் சீரியல் எத்தனை மணிக்கு என்று பாருங்கள், அந்த நேரத்தையே கவுன்சலிங்குக்குக் கேளுங்கள். அன்றைக்கு மட்டும் அவர் டிவியை எவ்வளவு சத்தமாக வைத்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.