மலைநடைக்கும் குதிரைக்கும் ஒரே சப்பாத்து போதுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “வயது 44. பெப்ரவரியில் மகனோடு பெக்கோ பாதையில் மூன்று நாள் நடந்துவிட்டு, மறுநாளே நுவரெலியாவில் குதிரையேறத் திட்டம். புதிதாக வாங்கிய மலையேற்றச் சப்பாத்தே இரண்டுக்கும் போதுமா? கொழும்பில் எப்படிப் பயிற்சி எடுப்பது?”

போதாது. இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மலையேற்றச் சப்பாத்தின் அடி அகலமானது, ஆழமாக வெட்டுப்பட்டது. சேற்றில் உங்களைக் காக்கும் அந்தப் பிடிமானமே, சேணத்திலிருந்து தொங்கும் கால்வளையமான அங்கவடிக்குள் காலைச் சிக்கவைக்கும். குதிரை மிரண்டு நீங்கள் விழும்போது கால் உடனே கழன்று வரவேண்டும். வராவிட்டால் குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். வழுவழுப்பான அடியும், இரண்டு சென்றிமீற்றர் அளவு உயர்ந்த குதிகாலும் உள்ள மூடிய சப்பாத்துத்தான் வேண்டும். பாதம் முன்னே நழுவி அங்கவடிக்குள் முழுதாகப் போய்விடாமல் குதிகால் தடுக்கும். அலுவலகத்துக்கு அணியும் தோல் சப்பாத்தும், மகனின் கறுப்புப் பள்ளிச் சப்பாத்தும் இப்படி இருந்தால் அவையே போதும். பாதத்தின் முன்பகுதியை மட்டும் அங்கவடியில் வைத்து, குதிகாலைக் கீழே அழுத்துங்கள்.

கிரகரி வாவியோரம் சவாரிக்குக் குதிரைகள் நிற்கும். ஏறுமுன் சேணத்தைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் புண் இருந்தால் அந்தக் குதிரையில் ஏறாதீர்கள். வலியில் துள்ளும், பாவம். குதிரைச் சவாரிக்கான தலைக்கவசம் இல்லையென்றாலும் ஏறவேண்டாம்.

இனி நடை. பெக்கோ பாதை கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிறது. 22 கட்டங்கள், 300 கிலோமீற்றருக்கு மேல். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலை சுமந்த வழிகளே பெரும்பாலும். கொழும்போ தட்டையான ஊர். காலிமுகத்திடலில் எத்தனை மாலை நடந்தாலும் மூச்சுத்தான் பழகும், முழங்கால் பழகாது. புதியவர்களை முடக்குவது பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது தொடைத்தசை சுமை தாங்கியபடியே நீள்கிறது. வலி அடுத்த நாள்தான் வரும். ஆனால் ஒருமுறை நொந்த தசை மறுமுறை அவ்வளவு நோகாது. ஆகவே தொடர்மாடியில் லிஃப்டில் ஏறி, படியில் மெதுவாக இறங்குங்கள். வாரம் இரண்டு நாள், ஆறு வாரம். பின்பாதியில் ஐந்து லீற்றர் தண்ணீரை முதுகில் சுமந்துகொள்ளுங்கள். நடைச் சப்பாத்தின் முனையில் கட்டைவிரல் முட்டினால் கடையிலேயே அரை அளவு பெரிதாக மாற்றுங்கள். இறக்கத்தில் நகம் கறுத்துவிடும்.

பெப்ரவரி நல்ல தேர்வு, மழை குறைவு. மாலை மழை பெய்தால் அட்டை வரும். பிடித்து இழுக்காமல், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து நகர்த்துங்கள். அதன் உமிழ்நீர் இரத்தத்தை உறையவிடாது என்பதால் கொஞ்ச நேரம் கசியும். சவர்க்காரமிட்டுக் கழுவி அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

நடைக்கும் சவாரிக்கும் நடுவே ஒரு நாள் ஓய்வு விடுங்கள். குதிரைமேல் உங்களை நிலைநிறுத்துவது உள்தொடை. களைத்த தொடையோடு ஏறினால் பிடி தளரும்.