சொந்தமாகக் கட்டட வேலை எடுக்கப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கொத்தனாராக, மேஸ்திரியாக, சூப்பர்வைசராக இருந்தவர்கள் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுப்பது எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். ஊர், மண், எத்தனை மாடி என எதையுமே எழுதாத கடிதங்களை ஒதுக்கிவிட்டேன். அதில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே சேர்த்திருக்கிறேன்.

அண்ணாச்சி, 11 வருடமாகக் கொத்தனார் வேலை பார்க்கிறேன். கையில் 60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். இதை வைத்துச் சொந்தமாக வேலை எடுக்கலாமா? (மானூர் வாசகர்)

எடுக்கலாம் தம்பி. ஆனால் முதல் இரண்டு வருடம் கூலிக் கான்ட்ராக்ட் மட்டும். செங்கல், சிமெண்ட், கம்பி எல்லாம் வீட்டுக்காரர் இறக்கித் தரட்டும். ஆளும் வேலையும் உங்கள் பொறுப்பு. இரண்டு கொத்தனார், ஒரு நிமிந்தாள் (கொத்தனாருக்கு உதவும் ஆள்), இரண்டு சித்தாள் என்றால் நாளொன்றுக்கு நாலாயிரத்துக்கு மேல் கூலி போகும். சனிக்கிழமை சாயங்காலம் 25,000 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் உங்கள் சேமிப்பு இரண்டு வாரம் தாங்கும். மூன்றாவது சனிக்கிழமைக்குள் வீட்டுக்காரரிடமிருந்து பணம் வந்தாக வேண்டும். அதற்கு ஏற்ற மாதிரி தவணையைச் சின்னச் சின்னதாகப் பிரித்து எழுதுங்கள்.

எடுத்த எடுப்பில் வீடு வேண்டாம். காம்பவுண்டு சுவர், செப்டிக் டேங்க், மட்டப்பாவில் (மேல்தளத்தில்) தட்டோடு மாற்றுவது என்று ஆரம்பியுங்கள். பத்து வருடமாக ஒழுகிய மட்டப்பாவை ஒழுகாமல் செய்து கொடுத்தவரை அந்தத் தெரு மறக்காது. அப்புறம் வரி. தனி வீடு ஒன்றைப் புதிதாகக் கட்ட, சாமான் இல்லாமல் கூலி மட்டும் பேசினால் ஜிஎஸ்டி கிடையாது. சாமானோடு எடுத்தால் 18 சதவீதம். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நடுத்தர வீடு ஒன்றை முழுதாக எடுத்தாலே அந்தக் கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். பேசிய தொகையில் ஜிஎஸ்டி உண்டா இல்லையா என்பதை எழுதி வைக்காமல், கடைசியில் கைக்காசிலிருந்து கட்டியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சதுர அடிக்கு எவ்வளவு வாங்கலாம்? உடனே பதில் வேண்டும். (ஊர் எழுதாதவர்)

எந்த ஊர், கரிசலா செம்மண்ணா, மேலே மாடி வருமா, சம்ப் (தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி) உண்டா, மரக்கதவா ரெடிமேட் கதவா? ஒன்றையும் சொல்லாமல் விலை கேட்கிறீர்கள். இதே மாதிரி வீட்டுக்காரர் கேட்க, நீங்களும் வாய்க்கு வந்த ஒரு எண்ணைச் சொல்லித்தான் மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள். சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்குச் சுமார் 0.4 மூட்டை சிமெண்ட், 4 கிலோ கம்பி. 1,000 சதுர அடிக்கு 400 மூட்டை, 4 டன். அன்றைய கடை விலையைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். அடுத்தவர் எஸ்டிமேட்டைக் காப்பியடிக்காதீர்கள். 2025 செப்டம்பரில் சிமெண்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. அதற்கு முந்தைய தாளை இன்னும் கையில் வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கம்பி, எந்த டைல்ஸ், எது சேராது என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

உத்யம் பதிவுக்கு (சிறுதொழிலுக்கான அரசுப் பதிவு) ஒருவர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (சேரன்மகாதேவி வாசகர்)

கொடுக்காதீர்கள். அரசுத் தளத்தில் அது முழுக்க இலவசம். ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அரை மணி நேர வேலை.

மூன்று வீடு ஒரே நேரத்தில் ஓடுகிறது. முதல் வீட்டு லிண்டலுக்குப் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் உத்தரம்) பணம் பத்தாமல் இரண்டாவது வீட்டு அட்வான்ஸைப் போட்டேன். இப்போது இரண்டாவது வீட்டுக்காரர் நெருக்குகிறார். நாலாவதாக ஒரு வீடு வருகிறது. அந்த அட்வான்ஸை வாங்கிச் சமாளித்துவிடலாமா? (வள்ளியூர் வாசகர்)

கூடாது. நாலாவது வீட்டை வாங்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பேசுவோம்.

நம் நெல்லைப் பக்கத்தில் வேலை தெரியாமல் நொடித்துப்போன கான்ட்ராக்டர் குறைவு. ஒரு வீட்டுப் பணத்தை இன்னொரு வீட்டில் போட்டு நொடித்துப்போனவர்கள்தான் அதிகம். இதை நான் எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். ஒரு வீட்டுப் பணம் அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. அட்வான்ஸ் உங்கள் வருமானம் இல்லை. அது வீட்டுக்காரர் உங்களிடம் கொடுத்து வைத்திருக்கும் செங்கல், கம்பி, கூலி. 22 லட்சம் ரூபாய் வேலையில் எல்லாம் சரியாக நடந்தால் ஏழெட்டு மாதம் கழித்து உங்களுக்கு நிற்பது இரண்டு லட்சம் சொச்சம். ஒப்பந்தத்தன்று கைக்கு வரும் 10 சதவீத அட்வான்ஸும் ஏறக்குறைய அதே இரண்டு லட்சம்தான். அதனால்தான் அதை லாபம் என்று நினைத்து வண்டி வாங்கிவிடுகிறார்கள். இரண்டும் வேறு வேறு பணம்.

1996-ல் எனக்கும் இது நடந்தது. பெருமாள்புரத்தில் ஒரு வீடு, பேட்டையில் ஒரு வீடு. பெருமாள்புரத்துக்காரர் ஓய்வு பெற்ற வாத்தியார். மட்டப்பாக் கம்பிக்கு என்று மொத்தமாகப் பணம் தந்தார். பேட்டை வீட்டில் எனக்கு வரவேண்டிய தவணை தள்ளிப்போனது. அங்கே சென்ட்ரிங்காரருக்கும் (கான்கிரீட்டுக்குப் பலகை அடித்து முட்டுக் கொடுப்பவர்) டைல்ஸ் கடைக்கும் பாக்கி. பத்து நாளில் திருப்பிவிடலாம் என்று வாத்தியார் பணத்தை எடுத்துக் கொடுத்தேன். பேட்டைப் பணம் வரவில்லை. பெருமாள்புரத்தில் பலகை அடித்து முட்டுக் கொடுத்தபடி 23 நாள் கம்பியில்லாமல் நின்றது. அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பலகை ஊறி உப்பி, முட்டுக் கம்பின் அடி மண்ணில் இறங்கி, ஒரு மூலை இரண்டு அங்குலம் தாழ்ந்துவிட்டது. தினமும் சாயங்காலம் வாத்தியார் குடை பிடித்துக்கொண்டு வருவார். அந்தப் பலகைகளை அண்ணாந்து பார்ப்பார். போய்விடுவார். ஒரே ஒரு நாள் மட்டும், “என் பணம் எங்க இருக்கு தம்பி?” என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கம்பி இறக்கினேன். முட்டு, பலகை எல்லாவற்றையும் பிரித்து மறுபடியும் அடித்த கூலியும் என் தலையில்தான் விழுந்தது.

அன்றிலிருந்து வேலைக்கு ஒரு நோட்டு, வேலைக்கு ஒரு வங்கிக் கணக்கு. தவணையையும் அந்தந்தக் கட்டத்துக்கு முன்னாலேயே பணம் வரும்படி பிரிக்க வேண்டும். நான் போடுவது இதுதான்: ஒப்பந்தத்தன்று 10 சதவீதம், வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டி பேஸ்மட்டத்துக்கு (வீட்டுத் தரை மட்டம் வரை) 20, லிண்டலுக்கு 15, மட்டப்பாக் கான்கிரீட்டுக்கு முன் 25, பூச்சுக்கு 15, தரைக்கும் வயரிங்குக்கும் 10, சாவி கொடுக்கும்போது 5. பணம் வராவிட்டால் அந்தக் கட்ட வேலையைத் தொடங்காமல் நிறுத்துங்கள். நிறுத்த மனசு வராமல்தான் அடுத்த வீட்டில் கைவைக்கிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வீட்டுக்கும் தனித்தனித் தாள் எடுத்து, வாங்கியது எவ்வளவு, அந்த வீட்டில் போட்டது எவ்வளவு என்று இன்றைக்கு ராத்திரியே எழுதுங்கள். இரண்டாவது வீட்டுக்காரரிடம் நேரில் போய் உண்மையைச் சொல்லுங்கள். திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள். முடியும் நிலையில் இருக்கும் வீட்டை முதலில் முடித்து, கடைசித் தவணையை வாங்கி, அதிலிருந்து பாக்கியை அடையுங்கள். திருப்பித் தரும் தேதியையும் எழுதிக் கொடுங்கள். அடுத்தவரிடம் எழுதி வாங்கச் சொல்லும் நான், நம் பக்கத்துக் கடனையும் எழுதிக் கொடுக்கத்தான் சொல்வேன்.

சிவில் டிப்ளமோ முடித்து நான்கு வருடம் சைட் பார்த்திருக்கிறேன். சொந்தமாகத் தொடங்க ஆசை. “பொம்பள சொன்னா கொத்தனார் கேப்பானா” என்று வீட்டில் கேட்கிறார்கள். (பாளையங்கோட்டை வாசகி)

கேட்பார்கள் அம்மா. டேப்பும் ரசமட்டமும் யார் கையில் இருந்தாலும் ஒரே அளவைத்தான் காட்டும். முதல் வாரத்திலேயே ஒரு சுவரில் தூக்குக்குண்டு போட்டுப் பாருங்கள். தப்பிருந்தால் சத்தம் போடாமல், எவ்வளவு விலகியிருக்கிறது என்று காட்டிப் பிரிக்கச் சொல்லுங்கள். பிரித்த கூலியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொள்வதாகவும் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பேச்சு வராது. தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் கலவை சுமந்து கட்டிய ஊர் இது. அவர்கள் கையில் கரண்டியைக் கொடுக்காதது நம் தொழிலின் பெரிய குறை. நீங்கள் ஆள் சேர்க்கும்போது இரண்டு சித்தாள்களையாவது பூச்சு வேலை பழக்குங்கள்.

முதல் குறைவாக இருந்தால் வரைபடம், எஸ்டிமேட், அனுமதி வாங்கித் தருவது என்று தொடங்கலாம். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது. தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு வரைக்கும்தான் இது. பலருக்கு விண்ணப்பிக்கத் தெரியவில்லை. அதைச் சரியாகச் செய்து கொடுத்தால் அதில் சிலர் வீட்டையும் உங்களிடமே தருவார்கள்.

சங்கரன்கோவில் பக்கம் ஒரு வீடு கேட்கிறார்கள். பாளையங்கோட்டையில் வாங்கிய ரேட்டையே சொல்லலாமா? (தச்சநல்லூர் வாசகர்)

சொன்னால் அஸ்திவாரத்திலேயே கை நஷ்டம். அங்கே பல இடங்களில் கரிசல். மழையில் உப்பும், வெயிலில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். பாளையங்கோட்டையில் பாறை தட்டும் ஆழம் அங்கே போதாது. நாலடிக்கு நாலடி குழி ஒன்று வெட்டி, மண்ணைப் பார்த்து, பொறியாளரிடம் அஸ்திவார வரைபடம் வாங்கிய பிறகு விலை பேசுங்கள். பேஸ்மட்டம் வரை செய்த வேலையை அளந்து பணம் வாங்குவது, அதற்கு மேல் சதுர அடி ரேட் என்று இரண்டாகப் பிரித்துவிடுவது இன்னும் நல்லது. காரும் பிசானமும் (இரண்டு போக நெல்) விளைந்த வயலைப் பிளாட் போட்டிருந்தாலும் இதே கதைதான். மேலே கொட்டிய செம்மண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடியில் களிமண் அப்படியே கிடக்கும்.

போன மழையில் 40 மூட்டை சிமெண்ட் கட்டியாகிவிட்டது. யார் நஷ்டம்? (முக்கூடல் வாசகர்)

சாமானோடு எடுத்திருந்தால் உங்கள் நஷ்டம். தரையில் அடுக்கினீர்களா? பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி, பத்து மூட்டை உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்கி, தார்ப்பாயால் மூட வேண்டும். 2023 டிசம்பர் மழையைப் பார்த்த பிறகுமா ஐப்பசி, கார்த்திகையில் 40 மூட்டையை ஒரே தடவையில் இறக்குகிறீர்கள்? அந்த மாதங்களில் ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். கட்டியானதை உடைத்துச் சலித்துக் கான்கிரீட்டில் சேர்க்க நினைத்திருந்தால், தயவுசெய்து வேண்டாம்.

சொன்ன தேதிக்கு முடிக்கவே முடியவில்லை. ஆட்கள் திடீரென்று நின்றுவிடுகிறார்கள். (அம்பாசமுத்திரம் வாசகர்)

திடீரென்று இல்லையே. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயில், ஆனியில் நெல்லையப்பர் தேர், அப்புறம் அவரவர் ஊர்க் கோயில் கொடை. எல்லாம் வருடா வருடம் வருவதுதான். பஞ்சாங்கத்தைப் பார்த்து அந்த நாட்களைக் கழித்துவிட்டுத் தேதி சொல்லுங்கள். ஊருக்குப் போகும் முன் மட்டப்பாக் கான்கிரீட் போடாதீர்கள். போட்டால் பத்து நாளாவது தண்ணீர் கட்ட ஒரு ஆளை நிறுத்துங்கள்.

நேராக அரசு டெண்டருக்குப் போய்விட்டால் சீக்கிரம் வளரலாமே? (நாங்குநேரி வாசகர்)

வளரலாம், மூன்று நான்கு மாதம் பணம் வராமல் தாங்க முடிந்தால். ஒப்பந்ததாரர் பதிவு வேண்டும், முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும், வேலை கிடைத்தால் பிணைத்தொகை, பில்லிலும் ஒரு பங்கைப் பிடித்து வைப்பார்கள். முன்பு முடித்த வேலைக்குச் சான்றும் கேட்பார்கள். முதலில் பதிவு பெற்ற ஒருவரிடம் உள்வேலை எடுத்து, அளவுப் புத்தகம் (முடித்த வேலையை அளந்து குறிக்கும் பதிவேடு) எப்படி எழுதுகிறார்கள், பில் எப்படிப் போகிறது என்று ஒரு வருடம் பாருங்கள். அங்கேயும் எழுதி வாங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

கலவை மெஷினும் சென்ட்ரிங் தகடும் வாங்க முத்ரா கடன் எடுக்கவா? இரண்டு வீடு முடித்திருக்கிறேன். (ஆலங்குளம் வாசகர்)

இப்போது வேண்டாம். வாடகைக்கு எடுங்கள். மாதா மாதம் வாடகை நோட்டை எழுதி வாருங்கள். ஒரு வருட வாடகை, ஒரு வருடக் கடன் தவணையைத் தாண்டினால் அப்போது வாங்கலாம்.

சாரத்திலிருந்து ஆள் விழுந்தால் பொறுப்பு எனக்கா, வீட்டுக்காரருக்கா? (களக்காடு வாசகர்)

ஆளைக் கூட்டி வந்தது நீங்கள்தானே. இழப்பீடு கேட்டு முதலில் உங்களிடம்தான் வருவார்கள், சட்டமும் அப்படித்தான். கேள்வியில் அது மட்டும் இருப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது. விழாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டிருக்கலாம். அதையும் சொல்கிறேன். சாரக் கம்பைக் காலையில் ஆள் ஏறும் முன் நீங்களே ஒவ்வொரு முடிச்சாகக் கையால் அசைத்துப் பாருங்கள். மழைக்கு மறுநாள் கட்டாயம் பாருங்கள். நிற்பதற்கு இரண்டு பலகையாவது இருக்கட்டும், ஒற்றைப் பலகையில் யாரையும் ஏற்றாதீர்கள். முதல் மாடிக்கு மேல் பெல்ட் இல்லாமல் வெளிப்பூச்சு வேண்டாம். உங்களிடம் வேலை செய்கிற எல்லாரையும், சித்தாள் உட்பட, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யச் சொல்லுங்கள். பலருக்குப் புதுப்பிக்க மறந்துபோயிருக்கும். ஒரு நாள் கூலியைக் கொடுத்து நீங்களே கூட்டிப் போய்ப் புதுப்பித்துக் கொடுங்கள். விபத்துக் காப்பீடும் எடுங்கள், அந்தச் செலவை எஸ்டிமேட்டிலேயே ஒரு வரியாகச் சேர்த்து எழுதுங்கள்.