ஏதென்ஸில் ஒரே நாள்: பழைய வீடுகளை எந்த வரிசையில் பார்ப்பது?

கேள்வி: மகன் அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அக்டோபரில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஏதென்ஸ் ஊருக்குப் போகிறோம். அங்குள்ள பழைய வீடுகளைப் பார்க்க ஒரு நாள்தான் கிடைக்கும். மனைவிக்கு மூட்டு வலி. எப்படித் திட்டமிடலாம்?

பதில்: முதலில் கிழமையைப் பாருங்கள். அக்டோபர் சனிக்கிழமைகளில் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க ஃபுட்பால் அணி சொந்த மைதானத்தில் ஆடினால் 90,000 பேருக்கு மேல் கூடிவிடுவார்கள். கார் நிறுத்த இடம் கிடைக்காது, ஓட்டல் வாடகையும் தாறுமாறாக ஏறிவிடும். ஞாயிறு, திங்களில் சில வீடுகள் பூட்டியிருக்கும். ஆகவே செவ்வாய் முதல் வெள்ளிக்குள் ஒரு நாளாக இருக்கட்டும். முந்தின நாளே ஒவ்வோர் இடத்துக்கும் போன் செய்து நேரத்தையும், மாடி ஏறாமல் எவ்வளவு பார்க்கலாம் என்பதையும் கேட்டுவிடுங்கள்.

காலை பத்து மணிக்கு சர்ச்-வாடல்-பிரம்பி வீட்டில் தொடங்கலாம். 1820-இல் கட்டியது. இப்போது ஊரின் வரவேற்பு மையமும் இதுதான், வரைபடம் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். பக்கத்திலேயே வேர்-லிண்டன் வீடு; அதற்கு அரை மணி நேரம் போதும்.

அடுத்து டி.ஆர்.ஆர். காப் வீடு. இதற்குத் தாராளமாக ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டின் இரண்டு பக்கமும் எண்கோண அறைகள். உள்ளே போய் ஒரு மூலையில் நின்று பாருங்கள்: நம் வீட்டு அறை மூலை போல ஒடுங்காமல் விரிந்திருக்கும். 1985-இல் இடிபடாமல் காப்பாற்றுவதற்காக வீட்டையே அட்லாண்டா அருகே உள்ள ஸ்டோன் மவுன்டன் பூங்காவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருபது ஆண்டுகள் கிடந்து, 2005-இல் ஏதென்ஸுக்குத் திரும்பியது, ஆனால் பழைய இடத்துக்கு அல்ல. காப், அடிமைமுறைச் சட்டம் பற்றி 1858-இல் பெரிய நூல் எழுதியவர். அடிமைமுறையைக் காக்க அமெரிக்காவிலிருந்து பிரிந்த தென்மாநிலக் கூட்டமைப்பின் அரசியல் சாசனத்தை வரைந்தவர்களில் முக்கியமானவர். 1862-இல் அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்தார்.

இங்கே பலர் மேசை நாற்காலியைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அப்படிப் போகாதீர்கள். வழிகாட்டியிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: இங்கே அடிமைகளாக வைக்கப்பட்டிருந்தவர்கள் யார் யார், எங்கே படுத்தார்கள், சமையல் எங்கே நடந்தது? தெற்கத்திய வீடுகளில் தீக்கும் வெக்கைக்கும் பயந்து சமையலறையைத் தனிக் கட்டடமாகக் கட்டுவார்கள். பெரிய வீடு நிலைத்தாலும் அந்தச் சின்னக் கட்டடங்கள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. வீட்டை ஓட்டிய கைகள் கண்ணில் படாமல் போவது அதனால்தான், கேட்டால்தான் தெரியவரும்.

டெய்லர்-கிரேடி வீட்டை வெளியில் இருந்து பார்த்தாலே போதும். கல்யாணம், விருந்துகளுக்கு விடும் இடம் என்பதால் உள்ளே போக முடியாத நாட்கள் உண்டு. வீட்டின் 13 தூண்களும் அமெரிக்கா உருவானபோது இருந்த ஆதி 13 மாநிலங்களைக் குறிப்பதாகச் சொல்வார்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மோர்ட்டன் தியேட்டர். கறுப்பினத் தொழிலதிபர் ஒருவர் 1910-இல் கட்டி நடத்தியது. காப் வீட்டைப் பார்த்த கண்ணுக்கு இது அவசியம். பிறகு பல்கலைக்கழக நுழைவாயில் வளைவு. பட்டம் வாங்குமுன் அதன் அடியில் நடக்கக்கூடாது என்பது மாணவர் வழக்கம், மகனைப் பக்கவாட்டில் வரச் சொல்லுங்கள். உள்ளே பால்ட்வின் ஹால் அருகே நினைவிடம் ஒன்று உண்டு. 2015-இல் அங்கே கட்டட வேலைக்குத் தோண்டியபோது மனித எலும்புகள் கிடைத்தன. மரபணுச் சோதனையில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்க வம்சாவளியினர் என்று தெரிந்தது. 2017-இல் அவற்றை ஒக்கோனி ஹில் கல்லறையில் மறுபடி அடக்கம் செய்தார்கள். வளாகம் மேடும் பள்ளமுமானது. மனைவியை நினைவிடம்வரை காரில் கொண்டுவந்து இறக்கிவிடுங்கள்.