வணிகர் பாவெல் திரெத்தியாகோவ்: கேள்வி பதில்

கேள்வி: மாஸ்கோவின் திரெத்தியாகோவ் ஓவியக்கூடம் ஜார் மன்னர் அமைத்ததுதானே?

பதில்: இல்லை. மாஸ்கோ வணிகக் குடும்பத்தில் பிறந்த பாவெல் திரெத்தியாகோவ் (1832–1898) தன் சொந்தப் பணத்தில் சேர்த்தது. தம்பி செர்கேயும் அவரும் ஜவுளி வணிகர்கள். ரஷ்யாவின் கோஸ்த்ரோமா நகரில் பெரிய லினன் துணி ஆலை நடத்தினார்கள்.

கேள்வி: பணம் குவிந்த பிறகு வந்த பொழுதுபோக்கா?

பதில்: இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். 1856இல் ரஷ்ய ஓவியங்களை வாங்கத் தொடங்கினார். 1860இல், முப்பது வயதுகூட நிறையாதபோது எழுதிய உயிலில், மாஸ்கோவில் ஓவியக்கூடம் அமைக்க ஒன்றரை லட்சம் வெள்ளி ரூபிள் ஒதுக்கிவிட்டார். அப்போது அவருக்குத் திருமணமே ஆகவில்லை. அதன்பின் வாங்கிய படங்களெல்லாம் ஊருக்கென்று வாங்கியவைதாம்.

கேள்வி: கறாராகப் பேரம் பேசுவாராமே?

பதில்: பேசுவார். கண்காட்சி திறக்கும் முன்பே ஓவியரின் கூடத்துக்குப் போய் விலையை முடித்துவிடுவார். ஆனால் கஞ்சர் என்று சொல்வது அநியாயம். ஓவியர் வெரெஷ்சாகின் மத்திய ஆசியாவை வரைந்த துருக்கெஸ்தான் ஓவியத் தொடருக்கு 1874இல் 92,000 ரூபிள் கொடுத்தவர் அவர். தன் காலத்துப் பெரியவர்களின் முகங்கள் அழிந்துவிடக் கூடாது என்று ஓவியர்களிடம் சொல்லி வரையவும் வைத்தார். தஸ்தயெவ்ஸ்கி என்றதும் நம் நினைவில் எழும் அந்த முகம், முழங்காலைக் கைகளால் கோத்துக்கொண்டு எங்கோ பார்த்திருக்கும் முகம், 1872இல் அவருக்காகப் பெரோவ் வரைந்தது. முதலில் பிடிகொடுக்காத டால்ஸ்டாயும் மறு ஆண்டு கிராம்ஸ்கோயின் முன் அமர்ந்தார்.

கேள்வி: அரசாங்கத்தோடு உரசல் உண்டா?

பதில்: உண்டு. மகனைக் கொன்ற பழைய ஜார் இவான் மன்னரை ஓவியர் ரேப்பின் வரைந்த படத்தை 1885இல் வாங்கினார். அதைக் காட்சிக்கு வைக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது. சில மாதங்களில் தடை நீங்கியது.

கேள்வி: நகரத்துக்கு எப்போது கொடுத்தார்?

பதில்: 1892இல் செர்கேய் இறந்தார், தன்னிடமிருந்த ஐரோப்பிய ஓவியங்களை நகரத்துக்கு எழுதி வைத்திருந்தார். அதே ஆண்டு பாவெல் தன் சேகரிப்பு முழுவதையும், அது இருந்த லாவ்ருஷின்ஸ்கி சந்து வீட்டோடு சேர்த்துக் கொடுத்தார். 1894இல் இதைக் கொண்டாட மாஸ்கோவில் கலைஞர் மாநாடு கூடியது. புகழுரைக்குக் கூசி, அவர் ஊரைவிட்டே கிளம்பிப் போய்விட்டார்!

கேள்வி: ஓவியம் தவிர வேறு தருமம்?

பதில்: மாஸ்கோவில் காதுகேளாத பிள்ளைகளுக்கான பள்ளியைப் பல ஆண்டுகள் தாங்கி நின்றார். அவரைப் பற்றி எழுதுபவர்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு அது பெரிய குறை.